மண் விடாத மூச்சு

அவர் இரண்டு கைகளாலும் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். மண்ணில் பாதி புதைந்த பிளாஸ்டிக் வளையம் ஒன்று, அதன் மேல் அந்த மூடி. ஓரத்து ரப்பர் காய்ந்து இறுகிப்போனதால் ஒரு பக்கம் அமுக்கினால் மறு பக்கம் தூக்கியது. கட்டைவிரல்கள் வெளுக்கும்வரை அமுக்கினார். மூடியிலிருந்து புறப்பட்ட மெல்லிய குழாய் பக்கத்தில் இருந்த பெட்டிக்குள் போனது. பெட்டியின் சின்னத் திரையில் எண் ஏறிக்கொண்டிருந்தது. மேடு ஏறி வந்த இளைப்பு அவருக்கு இன்னும் அடங்கவில்லை. வாய் திறந்தபடி, வளையத்துக்கு நேர் மேலே குனிந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். உட்கார்ந்திருந்தது ஒரு வெள்ளை பிளாஸ்டிக் ஸ்டூலில்.

அந்த ஸ்டூல் அவருடைய அண்ணனுக்கு உரியது. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்ட அண்ணனைக் குளிப்பாட்ட வேண்டும், அதற்குத் தண்ணீர் வடிய ஓட்டை போட்ட, கால் வழுக்காத ஸ்டூல் வேண்டும் என்று வாங்கச் சொன்னவள் நான். படுக்கையில் விழுந்தவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்வது என் தொழில். அதற்கு முறையாகப் பயிற்சி எடுத்தவள். அந்த வீட்டுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போய்க்கொண்டிருந்தேன்.

தம்பியான அவரை வேலையிடத்தில் மூச்சுக்காரர் என்று கூப்பிடுவார்கள். மண் ஆராய்ச்சி நிலையத்தில் களப்பணியாளர். குழி தோண்டத் தினக்கூலியாகச் சேர்ந்தவர். கை சுத்தம், பொறுமை இரண்டையும் பார்த்து அளக்கிற வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். எதை அளக்கிறீர்கள் என்று முதல்முறை கேட்டபோது, “மண்ணு விடுற மூச்சை” என்றார். நான் சிரித்துவிட்டேன்.

“சிரிக்காதீங்க நர்சம்மா. நீங்க ஆளுங்க மூச்சை எண்ணுறீங்க, நான் மண்ணோடதை எண்ணுறேன். உங்க ஆளு, எண்ணுறாங்கன்னு தெரிஞ்சா மூச்சை மாத்தி விடுவான். என் ஆளுக்கு அந்தத் தில்லுமுல்லு எல்லாம் தெரியாது.”

அவர் சொன்னது சரிதான். நோயாளியின் மூச்சை எண்ணும்போது நாங்கள் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அவருக்குத் தெரியாமல்தான் எண்ணுவோம்.

மண்ணின் மூச்சு என்னவென்று அவர் எனக்குச் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். உதிர்ந்த இலை, செத்த வேர் எல்லாவற்றையும் மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தின்கின்றன. தின்றதை, நாம் விடுவதுபோலவே, கார்பன் டை ஆக்சைடாக வெளியே விடுகின்றன. வேர்களும் விடுகின்றன. உலகத்து மண் முழுவதும் இப்படி விடுவது, வண்டிகளும் ஆலைகளும் விடுவதைவிடப் பல மடங்கு அதிகம். ஆனாலும் நெடுங்காலமாக விட்டதைச் செடிகொடிகள் திரும்ப இழுத்துக்கொண்டதால் காரியம் கெடவில்லை. இப்போது நாம் விடும் புகையால் காற்று சூடாகிறது. சூடு ஏறினால் மண்ணுக்குள் இருப்பவை வேகமாகத் தின்னும். வேகமாகத் தின்றால் இன்னும் மூச்சு. அதனால் இன்னும் சூடு. மண்ணுக்குள் கிடக்கும் கார்பன் காற்றிலும் செடிகளிலும் இருப்பதைவிட அதிகம் என்பதால், அது எவ்வளவு வெளியே வரும், எவ்வளவு காலம் வரும் என்பது பெரிய கேள்வி.

அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த நிலையத்தில் ஒரு சரிவில் இரண்டு வரிசை நிலம் ஒதுக்கியிருந்தார்கள். கீழ் வரிசை சாதாரண மண். மேல் வரிசையில் மண்ணுக்கடியில் கம்பிகளைப் புதைத்து, மின்சாரத்தால் சில டிகிரி கூடுதலாகச் சூடேற்றியிருந்தார்கள். இரண்டு வரிசையின் மூச்சையும் அளந்து ஒப்பிட்டுப் பார்ப்பது ஆய்வு. அதற்குப் பொறுப்பு ஒரு பெண் விஞ்ஞானி, எல்லோருக்கும் மேடம். அளக்கிற கை மூச்சுக்காரருடையது.

அளப்பதில் ஆசாரம் மாதிரி சில விதிகள் உண்டு. வளையத்துக்குப் பக்கத்து மண்ணில் கால் வைக்கக்கூடாது. மண்ணின் இடுக்குகளில் அந்த வாயு அடைந்து கிடக்கும். மிதித்தால் பிதுங்கி வெளியே வந்துவிடும். அதற்காகவே செங்கல் மேல் பலகை போட்டிருப்பார்கள், அதில்தான் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். மனிதன் விடும் மூச்சிலும் அதே வாயுதான், அதுவும் ஏராளமாக. ஒரு மூச்சு உள்ளே நுழைந்தால் போதும், அந்த அளவு குப்பைக்குத்தான்.

இந்த விதி அவருக்கு உடம்போடு ஒட்டிப்போயிருந்தது. வீட்டில் தேநீரை நீட்டும்போதுகூட முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் நீட்டுவார். பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார், “மாப்பிள்ளைக்கு என்ன, நம்மகிட்ட முகம் குடுத்துப் பேச மாட்டாரா?” என்று கேட்டு, கல்யாணமே நின்றுபோகப் பார்த்ததாம். அவர் மனைவி இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

“முப்பது வருஷமா எனக்கு இவரோட வலது காதுதான் தெரியும் நர்சம்மா. முழு மூஞ்சியைக் கல்யாண போட்டோவுலதான் பார்த்தேன்.”

அப்படிப்பட்டவருக்கு முழங்கால் போனது. குத்துக்காலிட்டால் எழுந்திருக்க முடியவில்லை. மேடு ஏறினால் இளைப்பு. நான் கவனித்துக் கேட்டேன். “வயசு ஆகுதில்ல” என்று மழுப்பினார். வேலையிடத்தில் மூச்சுவிடவில்லை. காரணம், அவருக்கு முன்னால் அதே வேலையைச் செய்தவருக்கு முழங்கால் தேய்ந்தபோது கொண்டுபோய் வாசல் கேட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். வருகிற வண்டிக்குத் தடுப்பைத் தூக்குவது, இறக்குவது. அவ்வளவுதான் வேலை. தினமும் அந்த ஆளைத் தாண்டித்தான் மூச்சுக்காரர் உள்ளே போக வேண்டும். “வாப்பா, எனக்குப் பக்கத்துல நாற்காலி காலியாத்தான் இருக்கு” என்று அவர் விளையாட்டாகச் சொல்வார். விளையாட்டுதான், ஆனால் இவர் அந்த இடத்தைத் தாண்டும்வரை நொண்டாமல் நடந்து காட்டுவார்.

அதனால் ஒருநாள் வீட்டுக் குளியலறையிலிருந்த ஸ்டூலைச் சாக்கில் சுற்றி எடுத்துப்போய், மேல் வரிசையின் மின்பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். கீழ் வரிசை கொட்டகைக்குப் பக்கம், சமதரை. காலையில் உடம்பு தெம்பாக இருக்கும்போது முறைப்படி பலகையில் உட்கார்ந்தே முடித்துவிடுவார். மேல் வரிசைக்கு ஏறி வந்ததும் தாங்காது. ஸ்டூலை எடுத்து வளையத்தை ஒட்டி வெறும் மண்ணில் போட்டு உட்கார்ந்துவிடுவார். இறுகிய ரப்பரை மாற்றித் தரும்படி கேட்கவும் இல்லை. கேட்டால் யாராவது மேலே வந்து பார்ப்பார்களே. குனிந்து கையால் அமுக்கிக்கொண்டார். முதல் சில நாள் முகத்தைத் திருப்பினார். பிறகு இடுப்பும் வலித்தது, அதையும் விட்டுவிட்டார்.

வீட்டில் ஸ்டூல் உடைந்துவிட்டது, எறிந்துவிட்டேன் என்று சொன்னார்.

“உடைஞ்ச துண்டு எங்கே?” என்று மனைவி கேட்டாள்.

“பழைய பிளாஸ்டிக்காரன்கிட்ட போட்டுட்டேன்.”

“வாங்கி ஆறு மாசம்கூட ஆகல. யானை உட்கார்ந்துச்சா?”

புதிது வாங்கித் தருகிறேன் என்றார், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டார். நானும் அவர் மனைவியும் அவர் அண்ணனை வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார வைத்துக் குளிப்பாட்டினோம். வாளி வழுக்கும். ஒருத்தி தாங்கிப் பிடிக்க வேண்டும், ஒருத்தி தேய்க்க வேண்டும். ஒருமுறை சரிந்து பெரியவரின் தொடையில் சிராய்ப்பு. மருந்து போட்டது நான். மூச்சுக்காரர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். வழக்கம்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

பருவம் முடிந்தது. ஒருநாள் தேநீர் நேரத்தில் மேடம் எல்லோரையும் கொட்டகைக்குக் கூப்பிட்டு, கணினித் திரையில் ஒரு கோட்டுப்படம் காட்டினாள். கீழ் வரிசைக்கு நீலக்கோடு, மேல் வரிசைக்குச் சிவப்புக்கோடு. சூடேற்றத் தொடங்கிய புதிதில் சிவப்பு நன்றாக மேலே நின்றது. பிறகு வருஷத்துக்கு வருஷம் இறங்கி, நீலத்தை நெருங்கியது. சுலபமாகத் தின்னக் கிடைத்ததைத் தின்று தீர்த்துவிட்டதால் மண் அடங்கிவிட்டது என்று நினைத்திருந்தார்கள். இந்தப் பருவத்தில் சிவப்பு திடீரென்று மறுபடி எழும்பியிருந்தது.

“அடங்கிடுச்சுன்னு நினைச்சோம்ல? இல்ல. அடியில ரொம்ப காலமா கிடந்த பழைய கார்பனையும் தின்ன ஆரம்பிச்சிருக்கலாம். நாளன்னைக்கு மாநாட்டுல இதைத்தான் சொல்லப் போறேன். பெரிய விஷயம் இது” என்றாள் மேடம். பிறகு மூச்சுக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினாள். “இவ்வளவும் அண்ணா கையால அளந்தது. ஒரு எண்ணைக்கூட நான் சந்தேகப்பட வேண்டியதில்ல. எல்லாரும் கை தட்டுங்க.”

தட்டினார்கள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்புக்கோடு எந்த வாரத்தில் எழும்பத் தொடங்கியதோ அது அவருக்குத் தெரியும். அவர் சாக்கில் சுற்றிய ஸ்டூலோடு கேட்டைத் தாண்டிய வாரம் அது. கோடு ஏறியது மண்ணால் அல்ல. அவர் எடை மண்ணிலிருந்து பிதுக்கிய வாயுவும், மூடி இடுக்கில் நுழைந்த அவர் மூச்சும் அதில் இருந்தன.

காது வரை சூடேறியது, தேநீர்க் குவளையை வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன் என்று சொன்னார். சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்திருக்கிறது. எல்லோரும் தோளில் தட்டிக்கொண்டிருந்தார்கள். சொல்லவில்லை.

வெளியே வந்து நிலையத்து டிரைவரிடம் மட்டும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். டிரைவர் பல்லைக் குத்திக்கொண்டே கேட்டார்.

“சூடு ஏறுதுன்னு ஊர் உலகமே சொல்லுது. உங்க கோடும் அதையேதான் சொல்லுது. இதுல என்ன குடி முழுகிப்போச்சு? கோடு கீழ இறங்கியிருந்தா தப்பு.”

“அதான்டா தப்பு. எல்லாரும் எதிர்பார்த்த பக்கமே போனதால ஒருத்தரும் என்னைக் கேட்கல.”

“அப்ப விடுங்க. கேட்காத கேள்விக்கு எதுக்கு பதில்?”

அன்று மாலை நான் அந்த வீட்டில் இருந்தேன். பெரியவரை வாளியில் உட்கார வைக்கப் போகிற நேரம், மூச்சுக்காரர் உள்ளே வந்தார். கையில் ஸ்டூல். நாலு காலிலும் மண் அப்பியிருந்தது. யாரையும் பார்க்காமல் குளியலறை வாசலில் வைத்தார்.

அவர் மனைவி ஸ்டூலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “பழைய பிளாஸ்டிக்காரன் திருப்பிக் குடுத்துட்டானா?”

“நான்தான் எடுத்துட்டுப் போனேன். வேலைக்கு. காலு முடியல.”

“முடியலன்னா வாயில என்ன கொழுக்கட்டையா? உங்க அண்ணனுக்குத் தொடை கிழிஞ்சப்ப பக்கத்துலதானே நின்னீங்க?”

“நின்னேன்.”

அதற்குமேல் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் ஸ்டூலை வாங்கிக் காலைத் தேய்த்துக் கழுவினேன். பெரியவரை அதில் உட்கார வைத்தோம். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வார்த்தைகள் ஒன்றிரண்டாகத்தான் வரும். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு தம்பியைப் பார்த்தார்.

“ஆறு... மாச... வாடகை” என்றார்.

மனைவி சிரித்துவிட்டாள். மூச்சுக்காரர் சிரிக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, மேல் வரிசை, ரப்பர், கோடு, கைதட்டல், டிரைவர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னார். நான் பெரியவருக்கு முதுகு தேய்த்துக்கொண்டே கேட்டேன்.

“இப்ப என்ன பண்றது நர்சம்மா?” என்றார் கடைசியில்.

“நான் ஒருத்தருக்கு மருந்தை மாத்திக் குடுத்துட்டா, விடியட்டும்னு காத்திருப்பேனா? இப்பவே டாக்டருக்குப் போன் பண்ணுவேன். உங்க மேடத்துக்குப் பண்ணுங்க.”

“கேட்டுக்கு மாத்திடுவாங்க.”

“மாத்தினா மாத்தட்டும்” என்றாள் மனைவி. “அங்கேயும் நாற்காலி இருக்கும்ல? உட்கார்றதுக்குத்தானே இவ்வளவு பாடு.”

கூடத்தில் நின்றுகொண்டு பேசினார். எனக்கு அவர் பேசியது மட்டும் கேட்டது. மேடம் சொன்னதை அவர் பிறகு சொன்னார்.

“மேடம், அந்தச் சிவப்புக்கோடு மண்ணோடது இல்ல. என்னோடது.”

அவளுக்குப் புரியவில்லை. ஸ்டூலைப் பற்றிச் சொன்னார். பிறகு, எப்போதிலிருந்து என்று மட்டும் கேட்டாள். சொன்னார்.

“கோடு ஏறுற வாரம்” என்றாள் அவள். பிறகு, “நான் எத்தனை தடவை வரட்டுமா, மேல வந்து பார்க்கட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், நான் பார்த்துக்கிறேன்னு சொன்னீங்களே அண்ணா.”

“சொன்னேன்.”

“உங்ககிட்ட கால் வலின்னு ஒரு வார்த்தை வந்திருந்தா நானே ஒரு ஆளைச் சேர்த்து விட்டிருப்பேன்.”

“கேட்டுக்கு அனுப்பிடுவீங்கன்னு பயந்துட்டேன் மேடம்.”

“இப்பவும் அனுப்ப மாட்டேன்னு என்னால சொல்ல முடியாது. அது என் கையில மட்டும் இல்ல.” கொஞ்சம் நிறுத்தி மறுபடி சொன்னாளாம்: “இதை மாநாட்டுல சொன்னதுக்கு அப்புறம் வேற யாராவது கண்டுபிடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா? சூடேறுறதே பொய்யின்னு சொல்ல ஆள் காத்துக்கிட்டு இருக்காங்க. இந்த ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு, ஒழுங்கா அளந்த மத்த எல்லாத்தையும் சேர்த்துத் தூக்கிப் போட்டிருப்பாங்க. நாளைக்குக் காலையில அந்த ஸ்டூலோட வாங்க.”

போனை வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார். நான் பெரியவருக்குத் துவட்டி உடை மாற்றிப் படுக்க வைத்துவிட்டுக் கிளம்பினேன். வாசலில் என்னை நிறுத்தி, “நர்சம்மா, நாளைக்கு ஒருநாள் மட்டும் அந்த ஸ்டூலை எடுத்துட்டுப் போறேன். கேட்டுத்தான் எடுக்கிறேன்” என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அத்தனை மாதத்தில் அவருக்கு இடது கண்ணோரம் ஒரு மச்சம் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“உங்க அண்ணன்கிட்ட கேளுங்க. பொருள் அவரோடது” என்றேன்.

மறுநாள் காலை சாக்கு எதுவும் சுற்றாமல் ஸ்டூலைக் கையில் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போனார். கேட்டுக்காரர் எழுந்து பார்த்தார். “என்னப்பா, உன் நாற்காலியை நீயே கொண்டுவந்துட்டியா?”

“ஆமாண்ணே. முழங்கால் போயிடுச்சு.”

கேட்டுக்காரரால் அதற்கு மேல் விளையாட முடியவில்லை. தடுப்பைத் தூக்கிவிட்டார், வண்டிக்குத் தூக்குவதுபோல.

மேடம் மேல் வரிசையில் காத்திருந்தாள். வணக்கம் சொன்னார், தலையை மட்டும் அசைத்தாள். “தினமும் எப்படிச் செஞ்சீங்களோ அப்படியே செய்யுங்க” என்றாள். அவர் ஸ்டூலை மண்ணில் போட்டு உட்கார்ந்து, மூடியை இரண்டு கைகளாலும் அமுக்கி, அதன்மேல் குனிந்து மூச்சு விட்டார். மேடம் பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்படிச் செய்வதைப்போல வெட்கக்கேடு வேறு கிடையாது என்று என்னிடம் சொன்னார். திரையில் எண் விறுவிறுவென்று ஏறியது. பிறகு ஸ்டூலைத் தூரமாக வைத்துவிட்டு, அமுங்கிய மண் ஆறும்வரை காத்திருந்தார்கள். மேடம் கொண்டுவந்த புது ரப்பரை மூடியில் மாட்டினாள். இந்தத் தடவை அவளே பலகையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அளந்தாள். எண் சோம்பலாக ஊர்ந்தது. அடுத்த வளையத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே. மேல் வரிசை, கீழ் வரிசையைவிடக் கொஞ்சம்தான் அதிகம் விட்டது, போன வருஷத்தைப் போலவே.

மேடம் பலகையிலேயே உட்கார்ந்து மாநாட்டுக்காரர்களுக்குப் போன் செய்து, இந்தப் பருவத்து மேல் வரிசை அளவுகள் கெட்டுப்போய்விட்டன, அவற்றை எடுத்துவிட்டுத்தான் பேசுவேன், பழைய அளவுகள் மட்டும் போதும் என்றாள். யாரால் கெட்டது என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். “எங்க பக்கத்துத் தவறு” என்று சொல்லி முடித்துக்கொண்டாள். அவர் பெயரைச் சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்ததாம் அவருக்கு.

பிறகு மிச்சமிருந்த வளையங்களுக்கு நகர்ந்தாள். மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு, “நீங்க அந்தப் பக்கம் போய் நில்லுங்க அண்ணா” என்றாள். அவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு, காற்று வீசிப்போகும் பக்கமாகப் பார்த்து, சரிவில் இறங்கி வேலியோரம் போய் நின்றார். உட்காரவில்லை. அங்கிருந்து மேல் வரிசைக்கு நல்ல தூரம். ஆனாலும் அவள் ஒவ்வொரு தடவை மூடியை வைக்கும்போதும் முகத்தைத் திருப்பி, கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.